தோட்டத்து மேடைக்கு ஏற்ற ‘மிக்ஸர்’ எது?

‘மிக்ஸர்’ என்றவுடன் கடலையும் ஓமப்பொடியும் கலந்த தின்பண்டம் சிலருக்கு நினைவு வரலாம். அதில் பிழையில்லை. இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றே. பல பொருள்கள் ஒன்றுசேர வேண்டும். ஆனால் ஒன்றின் சுவையை மற்றொன்று விழுங்கிவிடலாகாது. நாம் இன்று பேசப்போவது வாய்க்குரிய மிக்ஸரைப் பற்றியன்று. செவிக்குரிய மிக்ஸரைப் பற்றி. மேடையிலுள்ள ஒலிவாங்கிகள், வாத்தியங்கள் ஆகியவற்றின் ஓசைகளை ஒன்றாய்க் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் ஒலிக்கலவைக் கருவியே அது.

சில காலத்துக்கு முன் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டமொன்றிலே மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்க்கச் சென்றிருந்தோம். இறப்பர் மரங்களுக்கு நடுவே, லயங்களுக்குக் கீழிருந்த திடலில் பெருங்கூட்டம். தோட்டத்து இளைஞர்கள் வீட்டுக்கு வீடு பணம் சேர்த்துப் புதிதாய் வாங்கிய ஒலிக்கருவிகள் அன்றுதான் முதன்முறையாக மேடையேறின. மின்விளக்குகள் மினுங்கின, ஸ்பீக்கர்கள் ஆளுயரம் நின்றன. ஆனால் கூத்துத் தொடங்கியதும் காதில் விழுந்தது தப்போசை மட்டுமே. பல ஆண்டுகளாகக் கூத்தை நடத்திவரும் முதிய வாத்தியார் வாயசைப்பது தெரிந்தது, பாட்டுக் கேட்கவில்லை. அவர் குரலைக் கூட்டினால் ஸ்பீக்கர் ஊளையிட்டது. குறைத்தால் குரல் மறைந்தது. நள்ளிரவுக்குள் பெரியவர் தொண்டை கட்டி உட்கார்ந்துவிட்டார். மன்மதனைச் சிவன் எரிக்கும் கட்டத்தின் பாட்டைக் கேட்கவென்று பேரப்பிள்ளைகளுடன் வந்திருந்த தாய்மார்கள் ஏமாற்றத்தோடு லயம் திரும்பினர்.

கருவி கெட்டதா? இல்லை. கையாண்ட பிள்ளைகள் சோம்பேறிகளா? அதுவுமில்லை. தங்கள் மேடையில் யார் யார் குரல் கேட்கவேண்டும் என்று எண்ணிப் பார்க்காமல், கண்ணுக்குப் பெரிதாய்த் தெரிந்ததை வாங்கிவிட்டார்கள். அவ்வளவே. கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் சம்பாதித்த பணம் அப்படி வீணாகலாமா? ஆகவே, மிக்ஸர் வாங்கப் புறப்படும் மன்றத்தாருக்கும் கோயிற் சபையாருக்கும் மாணவர்களுக்கும் பயன்படுமாறு சில செய்திகளைச் சொல்ல விழைகிறோம்.

கூம்பிலிருந்து கலவைக் கருவிக்கு

1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே ஜென்சன், பிரிதாம் எனும் இருவர் தாங்கள் அமைத்த ஒலிபெருக்கியை மக்கள் முன் முழங்கவைத்தனர். அவர்கள் அதற்கு இட்ட ‘மாக்னவொக்ஸ்’ என்னும் பெயருக்கு ‘பெருங்குரல்’ என்பது பொருள். பிற்காலத்தில் நம் தோட்டங்களிலும் பலாமரக் கிளையிலும் கோயிற் கூரையிலும் கூம்பு ஒலிபெருக்கி கட்டப்பட்டது. ஓர் ஒலிவாங்கி, ஓர் இசைத்தட்டுப் பெட்டி, அவற்றைப் பெருக்க ஓர் அம்பிளிஃபயர் என்ற அளவில் அன்றைய திருவிழா நிறைவெய்தியது. அந்த அம்பிளிஃபயரில் இருந்த இரண்டு மூன்று குமிழ்களே அன்றைய மிக்ஸர்.

இன்றைய தோட்டத்து விழா அப்படிப்பட்டதன்று. மாரியம்மன் திருவிழாவுக்கு மந்திர ஒலி, நாதஸ்வரம், பஜனை, திருமணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் இசைக்குழு, தமிழ்ப் பாட்டுக்கு அடுத்தபடியாக அயற்கிராமத்துச் சிங்கள நண்பர்களுக்காக ஒரு பைலா, பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் பேச்சும் சேர்ந்திசையும், மே தினத்துக்குத் தொழிற்சங்கச் சொற்பொழிவு, மாசியிலே கூத்து. இத்தனைக்கும் ஒரே கருவி ஈடுகொடுக்க வேண்டும். பல வேலைக்கும் பொருந்துவது எது என்பதே கேள்வி.

கடைக்குப் போகுமுன் கணக்கு

முதல் வேலை கடைக்குப் போவதன்று. ஒரு தாளும் பென்சிலும் எடுத்து உட்காருவது. ஆண்டு முழுவதும் நடக்கும் விழாக்களை எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை ஒலிவாங்கி, எத்தனை வாத்தியம் என்று எண்ணுக. கூத்துக்கு வாத்தியாருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு இரண்டு, ஆடுவோர் வசனத்துக்கு மேடையின் முன் இரண்டு; ஆக 5. பாடசாலை விழாவுக்குப் பேச்சாளருக்கு ஒன்று, அறிவிப்பாளருக்கு ஒன்று, சேர்ந்திசைக்கு இரண்டு, ஆக 4. இசைக்குழுவுக்குப் பாடகர் மூவர், அறிவிப்பாளர் ஒருவர், டோலக்குக்கு இரண்டு, ஆக 6. இதற்குமேல் கீபோர்டும் ஒக்டபேடும் உண்டு. கூடிய தொகையோடு இரண்டைச் சேர்த்துக்கொள்வது நலம். ஒரு வழி பழுதானாலும் விழா நிற்காது. அப்படியானால் இத்தோட்டத்துக்கு வேண்டியது ஒலிவாங்கிக்குரிய 8 வழிகள்.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். பெட்டியின் மேல் ‘12’ என்றிருந்தால் 12 ஒலிவாங்கி பொருத்தலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். யமஹா கம்பெனியாரின் எம்.ஜி. 12 எக்ஸ்.யூ. என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் 12 வழிகள் உண்டென்பது மெய்யே. ஆனால் ஒலிவாங்கி பொருத்தக்கூடியவை 6 மட்டுமே. அந்த ஆறிலும் இரண்டு, கீபோர்டு போன்ற இரட்டை ஒலி வாத்தியங்களுக்குரிய வழிகளோடு பங்கு கொண்டவை. ஆறிலும் ஒலிவாங்கி பொருத்திவிட்டால் மிஞ்சுவது இரண்டு இரட்டை வழிகளே. கீபோர்டு ஒன்றைப் பிடிக்கும். கைத்தொலைபேசிப் பாட்டு மற்றொன்றைப் பிடிக்கும். ஒக்டபேடுக்காரர் கையில் கம்பியோடு நிற்பார். அதே வரிசையில் எம்.ஜி. 16 எக்ஸ்.யூ. என்பதில் 10 ஒலிவாங்கிகள் பொருந்தும். முதலில் சொன்ன கருவி கோயிலுக்கும் பாடசாலைக்கும் போதும். இசைக்குழுவுக்கும் சேர்த்தென்றால் பின்னதே ஏற்றது. எந்தக் கம்பெனியின் கருவியாயினும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: “இதில் ஒரே நேரத்தில் எத்தனை ஒலிவாங்கி வேலை செய்யும்?”

இன்னொரு கணக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒலிவாங்கி வேண்டியதில்லை. தப்பு தன் காலிலேயே நிற்கும் வாத்தியம்; மலையின் மறுபக்கத்துக்கும் தன் செய்தியை அனுப்பவல்லது. திறந்த திடலிலே அதன்முன் ஒலிவாங்கி வைப்பது, சூரியனுக்கு விளக்குப் பிடிப்பதை ஒக்கும். நாம் கண்ட கூத்திலே தப்புக்கு இரண்டு ஒலிவாங்கி வைத்து, வாத்தியாருக்கு ஒன்றை எட்டத்திலே நிறுத்தியிருந்தார்கள். கலவை அங்கேயே கெட்டுவிட்டது. மெல்லிய குரலுக்கே கருவி துணைநிற்க வேண்டும். உரத்தது தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

குமிழ்களின் வேலை

மிக்ஸரின் முகத்திலுள்ள குமிழ்க்கூட்டத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஒரு சனலைக் கற்றுக்கொண்டால் எல்லாச் சனல்களையும் கற்றதாகும். மேலே இருப்பது ‘கெயின்’. ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னழுத்தம் மிக மெல்லியது; வோல்ட்டில் ஆயிரத்திலொரு பங்கு, சில பங்கு என்ற அளவிலே இருப்பது. அதைப் பயன்படும் அளவுக்கு உயர்த்துவதே கெயினின் வேலை. இங்கே குறைத்துவிட்டுக் கீழே கூட்டினால் ‘இஸ்’ என்ற இரைச்சல் வரும். இங்கே அளவு மீறினால் குரல் கிழியும். பாடகரை உரத்த குரலில் பாடச்சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவிலே இதை நிறுத்திக்கொள்வதே முறை.

அடுத்து, கீழோசையை வெட்டும் பொத்தான். காற்று வீசும் ஓசை, மேடைப் பலகையில் காலடி விழும் ஓசை, வாய்க்காற்று ஆகியவை தாழ்ந்த ஒலிகள். 80 ஹேர்ட்ஸ் அளவுக்குக் கீழுள்ள இவற்றை அப்பொத்தான் தடுத்துவிடும். மலைக்காற்று வீசும் தோட்டங்களுக்கு இது ஆடம்பரமன்று, அவசியம். இதற்குக் கீழே தாழ்ந்த, நடு, உயர்ந்த தொனிகளைச் சீர்செய்யும் மூன்று குமிழ்கள் இருக்கும். நடுத்தொனிக் குமிழ் இல்லாத மிக்ஸரை வாங்கவேண்டாம். மனிதக் குரலின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் வாழ்கிறது.

‘ஓக்ஸ்’ எனப்படும் துணைவழியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நாம் அதையே மிக முக்கியமெனக் கொள்வோம். சபையோருக்குச் செல்லும் கலவை வேறு, மேடையில் பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்பதற்குரிய கலவை வேறு. அந்த இரண்டாம் கலவையை அனுப்புவது இத்துணைவழி. தம் குரல் தமக்குக் கேளாத பாடகர் கத்துவார், கத்தினால் சுருதி விலகும், தொண்டை கட்டும். நம் கூத்து வாத்தியாருக்கு நேர்ந்தது இதுவே. மேலே சொன்ன 12 வழிக் கருவியில் துணைவழிகள் 2. அவற்றுள் ஒன்று எதிரொலிக்கும் உரியது. 16 வழிக் கருவியில் 4.

எதிரொலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டுக்கு அது பாயசத்தில் ஏலக்காய் போன்றது. பேச்சுக்கோ அது பகை. ‘குழந்தையொன்று காணாமற் போயிருக்கிறது’ என்ற அறிவிப்பை எதிரொலியோடு சொன்னால், குழந்தையின் பெயர் எவருக்கும் புரியாது. ஒரே அழுத்தில் எதிரொலியை நிறுத்தும் வசதியுள்ள கருவியைத் தேர்க.

‘யூ.எஸ்.பி.’ என்ற எழுத்துகளைக் கண்டு பென்டிரைவில் பாட்டுப் போடலாம் என்று மகிழ்பவரும் உண்டு. பல மிக்ஸர்களில் அத்துளை கணினியோடு இணைப்பதற்கு மட்டுமே. மேற்சொன்ன இரண்டும் அவ்வகையே. பாட்டுப் போடவேண்டுமா, நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய வேண்டுமா என்று முதலில் தீர்மானித்துப் பிறகு கேட்டறிக. கூத்துப் பாடல்களைப் பதிவுசெய்ய எண்ணும் மாணவர்களுக்குக் கணினி இணைப்பு பெரும் வரமாகும். முதியவர்களின் பாட்டு அவர்களோடு மறைந்துபோகாமல் காக்க அது உதவும்.

கண்டென்சர் வகை ஒலிவாங்கிகளுக்கு 48 வோல்ட் மின்சாரத்தை மிக்ஸரே அனுப்பவேண்டும். பஜனைக் குழுவையோ சேர்ந்திசையையோ இரண்டே ஒலிவாங்கிகளால் வாங்க அவ்வகை சிறந்தது. ஆகவே இவ்வசதியும் இருக்கட்டும். கம்பிகளைப் பொறுத்தவரை மூன்று முனைகொண்ட எக்ஸ்.எல்.ஆர். வகையையே வாங்குக. அதனுள்ளே ஒரே ஒலி ஒன்றுக்கொன்று எதிரான இரு வடிவில் இரு கம்பிகளில் ஓடுகிறது. வழியில் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே வடிவில் ஏறும். முடிவில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அழிந்து ஒலி மிஞ்சும். நீண்ட கம்பி இழுக்கவேண்டிய திடல்களில் இது பேருதவி.

இலக்கமுறைக் கருவி வேண்டுமா?

குமிழ்களே இல்லாமல், கையகலத் திரையால் இயக்கும் இலக்கமுறை மிக்ஸர்களும் இப்போது உண்டு. பெரிங்கர் எக்ஸ்.ஆர். 18 என்பது அத்தகையது. சிறு பெட்டிக்குள் 16 ஒலிவாங்கி வழிகள் கொண்டது. கூத்துக்கு ஓர் அமைப்பு, திருமணத்துக்கு ஓர் அமைப்பு எனச் சேமித்துவைத்து அடுத்தமுறை ஒரே தொடுகையில் மீட்கலாம். சபையோர் நடுவே நடந்துசென்று அவர்கள் கேட்பதைத் தானும் கேட்டுத் திருத்தலாம். ஆயினும் திரை கெட்டாலோ கம்பியில்லாத் தொடர்பு அறுந்தாலோ கையால் பிடித்துத் திருத்த ஒன்றுமில்லை. கருவியை இயக்குபவர் ஒரே ஆளாய், பழகியவராய் இருந்தால் இலக்கமுறை நல்லது. இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்று கை மாறுமானால், கண்ணுக்குத் தெரியும் குமிழ்களே மேல். பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ இரத்தினபுரியிலோ பழுதுபார்க்க ஆள் கிடைப்பாரா என்பதையும் வாங்குமுன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மழையும் மின்னலும்

இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஈரமும் பூஞ்சணமும் இங்கே கருவிகளின் முதற் பகைவர். விழா முடிந்ததும் மிக்ஸரை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வைப்பது நன்று. கற்பூரப் புகையும் விபூதித் தூளும் நகர்த்திகளுக்குள் புகாதபடி கோயிலில் சற்று எட்டவே வைக்க. தேநீர்க் குவளைக்கு மிக்ஸர் மேசையில் இடமே கொடாதீர்கள்.

கருவியைக் காப்பதினும் உயிரைக் காப்பது பெரிது. ஸ்பீக்கரில் ‘உம்’ என்ற முனகல் வந்தால், பிளக்கின் புவித்தொடுப்பைக் கழற்றிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இது மரணத்தோடு விளையாடுவதாகும். நம் மின்சாரம் 230 வோல்ட். புவித்தொடுப்பற்ற கருவியிலே கசிவு ஏற்பட்டால், அம்மின்சாரம் கம்பிவழியே ஒலிவாங்கியின் உலோகத்துக்கு வந்து சேரும். ஈரத்தரையிலே வெறுங்காலோடு நின்று பாடுபவரின் கையிலும் உதட்டிலும் அது தொடும். முனகலைப் போக்க வேண்டுமானால் மிக்ஸரையும் அம்பிளிஃபயரையும் ஒரே மின்வழியிலிருந்து எடுங்கள். விளக்கு மாலைகளை வேறு வழிக்கு மாற்றுங்கள். மேடைக்குரிய மின்வழியில் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இடி முழங்கத் தொடங்கினால் நிகழ்ச்சியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுவதற்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மின் இயக்கும் வரிசையும் உண்டு. போடும்போது மிக்ஸர் முதலில், அம்பிளிஃபயர் கடைசியில். நிறுத்தும்போது அம்பிளிஃபயர் முதலில். மாற்றிச் செய்தால் ‘டம்’ என்ற அதிர்ச்சியில் ஸ்பீக்கர் கிழியலாம்.

உரப்பு வேறு, தெளிவு வேறு

“எங்கள் செட் இத்தனை ஆயிரம் வாட்” என்று பெருமை பேசுவதைக் கேட்கிறோம். வாட்டை இரட்டித்தால் ஒலி இரட்டிக்காது. 3 டெசிபெல் மட்டுமே கூடும். அதுவோ காதுக்குச் சற்றே தெரியும் வேறுபாடு. ஒலிவாங்கியை வாயிலிருந்து இருந்த தூரத்தில் பாதிக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். அதற்குக் காசு வேண்டியதில்லை! ஊளையொலிக்கும் இதுவே மருந்து. ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வளர்வதே ஊளை. ஸ்பீக்கர்களை ஒலிவாங்கிகளுக்கு முன்னே, சபையோரை நோக்கி வையுங்கள். ஒலிவாங்கியை வாயருகே பிடியுங்கள். பயன்படாத சனல்களை மூடுங்கள். ஊளையின் பெரும்பகுதி தானே அடங்கும்.

செவியின் நலமும் எண்ணத்தக்கது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது நிபுணர் கொள்கை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால்மணி நேரமே. பிள்ளைகள் ஸ்பீக்கரின் அடியிலேயே ஆடி நிற்பதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

2007ஆம் ஆண்டில் நம் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது. அனுமதிக்குப் பொலிஸாரை நாடவேண்டும். அயலிலே சிங்களக் கிராமம். அங்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். நம் லயத்திலும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். ஒரு காம்பராவிலே பாட்டு, மறு காம்பராவிலே பாடம் என்ற நிலையில் உரப்பைக் குறைப்பது சட்டத்துக்காக மட்டுமன்று. ‘அப்படியானால் விடிய விடிய நடக்கும் கூத்து என்னாவது?’ என்று கேட்பீர்கள். பத்து மணிக்கு மிக்ஸரை அணைத்துவிட்டு, கூட்டம் நெருங்கி உட்காரட்டும். கூத்து ஒலிபெருக்கியோடு பிறந்ததன்று, வெறுங்குரலில் வளர்ந்தது.

மேசையில் யார்?

எவ்வளவு நல்ல மிக்ஸரும் நல்ல காதில்லாவிட்டால் வெறும் பெட்டியே. மன்றத்தார் இரண்டு மூன்று மாணவ மாணவியரைத் தேர்ந்து பழக்கவேண்டும். இதற்குப் பலமல்ல, பொறுமையே வேண்டுமாதலால் பெண்பிள்ளைகளும் இதில் சிறந்து விளங்குவர். பௌதிகப் பாடத்திலே படிக்கும் அலையும் அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் இங்கே கைக்கு அகப்படும் பொருளாகின்றன. நாளை அது ஒரு தொழிலாகவும் ஆகலாம்.

அவர்களுக்கு நாம் சொல்லவிரும்புவது ஒன்றே. நிகழ்ச்சிக்கு முன் ஒருமுறை கடைசி வரிசைக்குச் சென்று, அங்கே உட்காரும் பாட்டியின் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பாட்டின் சொல் அங்கே விளங்கினால் உங்கள் கலவை நல்ல கலவை. விளங்காவிட்டால் எதையும் கூட்டுவதற்கு முன், எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். அந்தத் தோட்டத்து இளைஞர்கள் பின்பு அவ்வாறே செய்தார்கள். தப்பின்முன் இருந்த ஒலிவாங்கிகளை எடுத்துவிட்டு, அவற்றிலொன்றை வாத்தியாரின் வாயருகே வைத்து, துணைவழியொன்றை அவர் காதுக்குத் திருப்பிவிட்டார்கள். புதிதாய் எதுவும் வாங்கவில்லை. அடுத்த மாசியில் பெரியவரின் பாட்டு மேல்லயம்வரை கேட்டதாம்.